சிங்கச் சிகரத்துக் கொழுந்து

ஹாங்சௌ நகரத்துத் தேயிலையைப் பற்றி நான் எங்கே எதைப் படித்தாலும், அதன் வாசனையை வர்ணிக்கும் இடம் வந்தவுடன், எழுதியவர் சீனராயினும் ஆங்கிலேயராயினும், வறுத்த கஷ்கொட்டையின் மணம் என்ற ஒரே உபமானத்தில் வந்து நின்றுவிடுவதைக் கண்டிருக்கிறேன். ஆங்கிலத்தில் செஸ்ட்நட் என்று வழங்கும் அந்தக் கொட்டை நம்முடைய சமவெளிகளில் விளைவதில்லை. கஷ்கொட்டை என்ற பெயரையோ நம்மில் பலர் அகராதியில் அன்றி வேறெங்கும் சந்தித்திருக்க மாட்டார்கள். ஆகவே அந்த உபமானம் எனக்கு எதையும் விளக்கவில்லை. ஆவலை மட்டும் வளர்த்துவிட்டது. பாலும் சர்க்கரையும் சேர்த்து நுரை பொங்க ஆற்றிய தேநீரிலேயே வளர்ந்த நாவுக்கு, இவ்விரண்டும் இல்லாத ஒரு பச்சையிலையின் சாரம் தானாகவே இனிக்கும் என்பதும், அதில் கொட்டைப் பருப்பின் ருசி மறைந்திருக்கும் என்பதும், நேரில் பருகிப் பார்த்தாலொழிய நம்பமுடியாத சங்கதிகள். சென்ற பங்குனி மாதத்தின் கடைசியில், ஒரு காரியமாக ஷாங்காய் நகரத்துக்குப் போயிருந்த எனக்கு நான்கு நாள் ஓய்வு வாய்த்தபோது, வேறு எந்த ஸ்தலத்தையும் நினைக்காமல் ஹாங்சௌவுக்கு ரயில் ஏறினேன். ஷாங்காயில் மருத்துவம் படிக்கும் ஒரு தமிழ் மாணவர், சீன பாஷையில் நல்ல பயிற்சி உள்ளவர், எனக்குத் துணையாக வந்தார்.

இரண்டு நகரங்களுக்கும் இடையே சுமார் 170 கிலோமீட்டர். விரைவு ரயில் அந்தத் தூரத்தை ஒரு மணி நேரத்துக்குள் கடந்துவிடுகிறது. ஹாங்சௌ இன்று செஜியாங் மாகாணத்தின் தலைநகரம்; 12, 13ஆம் நூற்றாண்டுகளில் தென் சோங் வம்சத்து மன்னர்கள் இங்கிருந்துதான் அரசு செலுத்தினார்கள். மார்க்கோ போலோ கண்டு வியந்து எழுதிய நகரமும் இதுவே. ஊரின் மேற்கே விரிந்து கிடக்கும் மேற்கு ஏரியை 2011ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களில் ஒன்றாகச் சேர்த்தது. ஏரியின் அழகைப் பற்றி அந்நாட்டுக் கவிகள் ஆயிரம் ஆண்டுகளாகப் பாடி வந்திருக்கிறார்கள். நான் அதில் ஒரு சொல்லைக் கூட்ட வேண்டிய அவசியம் இல்லை. என் நோக்கம் ஏரிக்கு அப்பால், மேற்கிலும் தெற்கிலும் அலை அலையாக எழும்பி நிற்கும் குன்றுகளின் மடிப்புகளில் இருந்தது.

குன்றுகளுக்குப் போகுமுன் அந்த உபமானத்தை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. கஷ்கொட்டை இலையுதிர் காலத்துப் பண்டம். சீனர்கள் அதை லீட்ஸு என்கிறார்கள். பருவம் கடந்திருந்தபோதிலும் கடைத்தெருவில் ஓரிடத்தில் அதை வறுத்துக்கொண்டிருந்தார்கள். நான் அருகில் போய்ப் பார்த்தேன். அகன்ற பெரிய இரும்புச் சட்டி; அதில் கரிய பொடிக்கற்களும் கொஞ்சம் சர்க்கரைப் பாகும்; அவற்றோடு கொட்டைகளையும் கொட்டி, நீண்ட கரண்டியால் புரட்டிக்கொண்டே இருந்தார் ஒருவர். நம்மூர்த் திருவிழாக்களில் தள்ளுவண்டிக்காரர் சுடுமணலில் நிலக்கடலை வறுக்கும் அதே வித்தைதான். காகிதப் பையில் நூறு கிராம் வாங்கி, சூடு தணியுமுன் ஓட்டை உடைத்து ஒன்றை வாயில் இட்டேன். மாவு போன்ற மென்மை. கிழங்கின் தன்மையும் பருப்பின் தன்மையும் கலந்த, அடங்கிய ஓர் இனிப்பு. அதை மெல்லும்போதே, இந்த ருசி எனக்கு முன்பே பழக்கமானது, இதற்கு நம் பாஷையில் ஒரு பெயர் உண்டு என்று உள்ளே ஒரு குரல் சொல்லிற்று. எவ்வளவு முயன்றும் அந்தப் பெயர் ஞாபகத்துக்கு வரவில்லை. சுட்ட பனங்கிழங்கோ என்றால் அதுவும் இல்லை. வேகவைத்த வேர்க்கடலையும் இல்லை. விட்டுவிட்டேன்.

அன்று மாலையே ஏரிக்கரையில் ஒரு கடையில், இவ்வூர்த் தேயிலைக்குரிய லோங்ஜிங் என்ற பெயரிட்ட டப்பா ஒன்றை வாங்கி, தங்கியிருந்த அறையில் கொதிக்கக் கொதிக்க நீரை ஊற்றிக் குடித்தோம். எழுந்த மணம் உரத்ததாயிருந்தது; வறுகடலையின் மேல்தோல் தீய்ந்தாற்போல ஒரு நெடி. முதல் மிடறில் கசப்பும், இரண்டாவதில் துவர்ப்பும் தெரிந்தன. இனிப்பு என்பதன் சாயலே இல்லை. நீரின் சூடு தவறு என்பதையும், இலையிலும் குறை உண்டு என்பதையும் மறுநாள்தான் அறிந்தேன். ஆயினும் அந்த இரவு எனக்கு மனச்சோர்வாகவே கழிந்தது.

மறுநாள் காலையில் நேராகத் தோட்டத்துக்குப் போகாமல் லிங்யின் ஆலயத்துக்குப் போனோம். அதற்குக் காரணம் உண்டு. எட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த லூ யூ என்பவர் தேயிலைக்கென்றே ஒரு சாஸ்திர நூல் இயற்றினார்; சீனாவின் எந்தெந்தப் பிரதேசத்தில் எத்தகைய தேயிலை விளைகிறது என்று தரம் பிரித்துச் சொல்லும் அந்த நூலில், இந்த ஊருக்குரிய தேயிலை தியென்ஜூ, லிங்யின் என்ற இரண்டு ஆலயங்களின் பக்கத்தில் விளைவதாகக் குறிப்பிட்டிருக்கிறார். இன்று உலகமே கொண்டாடும் இவ்வூர்த் தேயிலையை அவர் தாழ்ந்த தரத்தில்தான் வைத்தார் என்பதைப் பின்னால் சொல்லப்போகும் ஒரு காரியத்துக்காக வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். தியென்ஜூ என்ற சொல்லுக்குப் பொருள் யாது என்று என் துணைவரைக் கேட்டேன். "இந்தியா, ஐயா. பழைய சீனத்தில் நம்ம தேசத்துக்கு அதுதான் பெயர்" என்றார். நான் சிறிது நேரம் பேசாமல் நின்றேன். ஹாங்சௌவின் தேயிலை முதன்முதலாக ஏட்டில் ஏறியபோது, இந்தியா என்ற பெயரைத் தாங்கிய ஓர் ஆலயத்தின் நிழலில்தான் அது வளர்ந்துகொண்டிருந்தது.

லிங்யின் ஆலயத்தை நான்காம் நூற்றாண்டில் ஸ்தாபித்தவர் இந்தியாவிலிருந்து வந்த ஒரு பிக்ஷு; சீனர் அவரை ஹுய்லி என்று அழைக்கிறார்கள். சுற்றிலும் மணற்பாறைக் குன்றுகள் இருக்க, நடுவே சுண்ணாம்புப் பாறையாலான ஒரு சிறு சிகரம் தனித்து நிற்பதைக் கண்ட அவர், இது எங்கள் தேசத்துக் கழுகு மலை அல்லவா, இங்கே எப்படிப் பறந்து வந்தது என்று வியந்தாராம். அன்றுமுதல் அதற்குப் பறந்து வந்த சிகரம் என்றே பெயர். அதன் குகைகளிலும் பாறை முகங்களிலும் முந்நூற்றுக்கு மேற்பட்ட பௌத்த சிற்பங்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. பெரும்பாலானவை 10ஆம் நூற்றாண்டுக்கும் 14ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை. சுதேசத்தை விட்டு நெடுந்தூரம் வந்த ஒரு துறவியின் கண்ணுக்கு அந்நிய பூமியின் பாறையொன்று சொந்த ஊர் மலையாகத் தோன்றியது எனக்கு மிகவும் உருக்கமாக இருந்தது. முதல் நாள் கஷ்கொட்டையை மென்றபோது எனக்குள் பேசிய குரலும் அப்படிப்பட்டதுதானே.

ஆலயத்திலிருந்து தெற்கே குன்றுகளின் ஊடே போனால் லோங்ஜிங் கிராமம். லோங் என்றால் நாகம், ஜிங் என்றால் கிணறு. நாகக் கிணறு என்று சொல்லலாம். வட்டமான சிறிய கிணறு அது. எந்தப் பஞ்சத்திலும் வற்றாததனால், கடலோடு அதற்கு உள்வழி உண்டென்றும் அதில் நீர்நாகம் வசிக்கிறதென்றும் முன்னோர் நம்பினார்கள். அங்கிருந்த ஒரு முதியவர் ஒரு கழியால் நீரைக் கலக்கிவிட்டு எங்களைப் பார்க்கச் சொன்னார். சுழல் அடங்கும் வேளையில் நீர்ப்பரப்பின் மேல் மெல்லிய ஒரு கோடு நெளிந்து நெளிந்து ஓடி மறைந்தது. நாகத்தின் மீசை என்று அதைச் சொல்கிறார்கள்.

இந்தக் குன்றில் தேயிலை வளர்த்தவர்களில் முதன்மையாகப் போற்றப்படுபவர் பியென்சாய் என்ற 11ஆம் நூற்றாண்டுத் துறவி. மேல் தியென்ஜூ ஆலயத்தின் தலைவராக இருந்து, முதுமையில் அந்தப் பதவியைத் துறந்து, லோங்ஜிங்கின் சிறு மடத்துக்கு ஒதுங்கி வந்தவர். அருகே உள்ள சிங்கச் சிகரத்தின் சரிவில் தேயிலை பயிரிட்டார் என்பது மரபு. விருந்தினர் யாராயினும் அவர்களை வழியனுப்ப மடத்துக்கு முன்னால் ஓடும் ஓடையைத் தாண்டுவதில்லை என்பது அவருடைய விரதம். கவிஞரும் இந்நகரத்தின் அதிகாரியுமான சூ துங்போ ஒரு நாள் அவரைக் காண வந்தார். இருவரும் தேநீர் பருகி, சம்பாஷணையில் மூழ்கி, விடைபெறும்போதும் பேச்சு முடியாமல் நடந்துகொண்டே போக, ஓடையின் அக்கரையில் நின்றபோதுதான் விரதம் கலைந்ததைத் துறவி உணர்ந்தாராம். அந்த நினைவாக எழுப்பிய மண்டபத்துக்கு ஓடை கடந்த மண்டபம் என்றும் இரு முதியோர் மண்டபம் என்றும் பெயர்.

இவ்வளவும் உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் பியென்சாயும் சூ துங்போவும் அன்று பருகிய தேநீரில் கஷ்கொட்டையின் மணம் இருந்திருக்க நியாயமில்லை. அக்காலத்தில் தேயிலையை ஆவியில் வேகவைத்து, இடித்து, வில்லைகளாகத் தட்டி, பிறகு பொடியாக்கி நீரில் கடைந்து குடிப்பதே வழக்கம். 1391ஆம் ஆண்டில், மிங் வம்சத்தின் முதல் சக்கரவர்த்தியான ஹோங்வூ, குடிகளுக்கு ஏற்படும் சிரமத்தை முன்னிட்டு, அரண்மனைக்கு வில்லைத் தேயிலையைக் கப்பமாகச் செலுத்தும் முறையை நிறுத்தி, உதிரி இலையாகவே அனுப்பும்படி கட்டளையிட்டார். அதன் பிறகே உதிரி இலையை வாணலியில் வறுக்கும் கலை செழித்து வளர்ந்தது. ஆவியில் வெந்த இலையில் கடற்பாசியையும் பசும்புல்லையும் ஒத்த மணம் உண்டாகிறது. ஜப்பானியப் பச்சைத் தேயிலையில் இன்றும் அதை அனுபவிக்கலாம். கொட்டையின் மணமோ வெறும் இரும்பின் மேல் காய்ந்தால்தான் பிறக்கிறது. லூ யூ தாழ்ந்த தரம் என்று ஒதுக்கிய அதே மலை பிற்காலத்தில் தேயிலைகளுக்கெல்லாம் அரசாகப் போற்றப்பட்டதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். அவற்றில் தலையாயது வாணலி என்பதே என் அபிப்பிராயம்.

சியென்லுங் சக்கரவர்த்தியின் பெயரைச் சொல்லாமல் இந்தக் கிராமத்தில் யாரும் ஒரு கோப்பையை நீட்டுவதில்லை. 1751 முதல் 1784 வரை ஆறு முறை தென்னாட்டு யாத்திரை வந்தவர் அவர். சிங்கச் சிகரத்தின் அடியில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தபோது தாயாருக்கு உடல்நலமில்லை என்ற செய்தி வர, கையிலிருந்த கொழுந்தை அங்கியின் கைக்குள் திணித்துக்கொண்டு தலைநகருக்கு விரைந்தார் என்றும், அது நசுங்கித் தட்டையாகி மணம் வீசிற்று என்றும், லோங்ஜிங் இலை தட்டையாயிருப்பதற்கு அதுவே காரணம் என்றும் கதை வழங்குகிறது. அவர் பறித்ததாகச் சொல்லும் பதினெட்டுச் செடிகளை வேலியிட்டுப் பாதுகாக்கிறார்கள். கதையைக் கதையாகவே கேட்டுவிட்டு நாங்கள் சரிவில் ஏறினோம்.

சரிவில் பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். கொழுந்து என்ற சொல்லை நான் வேண்டுமென்றே எழுதுகிறேன். நீலகிரியிலும் இலங்கை மலைநாட்டிலும் தலைமுறை தலைமுறையாகத் தேயிலைக் காட்டில் உழைத்த நம் மக்கள் வழங்கும் சொல் அது. அதைவிடப் பொருத்தமான சொல் இதற்கு வேறில்லை. நம் தோட்டங்களில் இரண்டு இலையும் ஒரு மொட்டும் கணக்கு. இங்கே மேல்தரத்துக்கு ஒரு மொட்டும், அதை ஒட்டி அப்போதுதான் விரியும் ஓர் இலையும் மட்டுமே. நகத்தால் கிள்ளக் கூடாது. கிள்ளிய இடம் கறுத்துவிடும். இரண்டு விரலின் நுனியால் பிடித்து மேல்நோக்கி மெல்லத் தூக்கினால் தானே முறிந்து வருகிறது. அரைக் கிலோ தேயிலை சேர முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட கொழுந்துகள் வேண்டும் என்றார்கள். மூங்கில் கூடையும் அகன்ற தொப்பியுமாகக் குனிந்து நின்ற அந்தப் பெண்கள் அநேகமாக வெளிமாகாணங்களிலிருந்து பருவத்துக்கு மாத்திரம் வருகிறவர்கள். அவர்களுடைய விரல் நுனிகள் கறையேறிக் கறுத்திருந்ததைக் கண்டபோது, வால்பாறையில் நான் பார்த்த விரல்கள் நினைவுக்கு வந்தன.

ஏப்ரல் 5ஆம் தேதியை ஒட்டி, முன்னோர் கல்லறைகளைச் சுத்தம் செய்து வழிபடும் சிங்மிங் என்ற நாள் வருகிறது. அதற்குமுன் பறித்தது மிங்சியென். விலையில் அதற்கு நிகரில்லை. அதன் பின், ஏப்ரல் 20ஆம் தேதி வாக்கில் வரும் தானிய மழை என்ற நாளுக்குமுன் பறித்தது யூசியென். குளிர்காலம் முழுதும் செடி வேரில் சேமித்து வைத்த சத்து முதற்கொழுந்தில் ஏறுகிறது; தியனைன் என்ற இனிய சத்து அதில் மிகுதி. வெயில் ஏற ஏற அந்தச் சத்து குறைந்து துவர்ப்புச் சத்து பெருகுகிறது. சீன விவசாய விஞ்ஞானக் கழகம் 1958ஆம் ஆண்டில் ஹாங்சௌவிலேயே ஒரு தேயிலை ஆராய்ச்சி நிலையத்தை நிறுவிற்று. அங்கே தேர்ந்தெடுத்து வளர்த்த லோங்ஜிங் 43 என்ற ரகம் பழஞ்செடிகளுக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னதாகவே துளிர்க்கிறது. சந்தைக்கு முந்திப் போகும் லாபத்தை எண்ணி எங்கும் அதையே நடுகிறார்கள். விதையிலிருந்து முளைத்த பழஞ்செடிகளோ ஒன்றுபோல் ஒன்று இல்லாமல் தாமதமாகத் துளிர்க்கும். உயரமும் நிறமும் பலவிதம். அந்தக் கிராமத்தில் எங்களை விருந்தினராக ஏற்ற வீட்டுக்காரர் இன்னமும் பழஞ்செடிகளை வைத்திருந்தார்.

அந்த வீட்டு அம்மாளை என் துணைவர் "ஆயீ" என்று அழைத்தார். நம் நாட்டில் ஆயி என்றால் தாய். சீனத்தில் அது தாயின் சகோதரி, நம் சித்தி. ஒலி ஒற்றுமை தற்செயலானதே. ஆயினும் அந்த வார்த்தையைக் கேட்டவுடன் அந்நிய வீடு என்ற கூச்சம் என்னைவிட்டு அகன்றது. வீட்டுக்காரரை அவர் ஷூஷூ என்றார். அது சித்தப்பாவுக்குரிய சொல்லாம். நானும் அவ்வாறே அழைத்தேன். இருவருக்கும் அதில் பரம திருப்தி.

காலையில் பறித்த கொழுந்து மூங்கில் தட்டுகளில் மெலிதாகப் பரப்பி நிழலில் வாடிக்கொண்டிருந்தது. பக்கத்து அறையில் வாணலி. முன்காலத்தில் விறகு எரிப்பார்கள், தீயைக் கவனிக்க ஓர் ஆள், வறுக்க ஓர் ஆள். இப்போது மின்சாரத்தால் சூடேற்றுகிறார்கள். சித்தப்பா உள்ளங்கையை வாணலியின் மேல் சில கணம் நீட்டிச் சூட்டை அளந்தார். தாவர மெழுகைத் துளி தடவினார். இரண்டு பிடி கொழுந்தைப் போட்டார். படபடவென்று எள் பொரிவதுபோல ஓசை எழுந்தது. பிறகு உறையில்லாத கையை உள்ளே விட்டார். பற்றுதல், உதறுதல், படரவைத்தல், அழுத்துதல், தள்ளுதல், கவிழ்த்தல், வீசுதல், தேய்த்தல் முதலான பத்து விதக் கைவினைகள் உண்டாம். எனக்கு அவற்றைப் பிரித்தறியத் தெரியவில்லை. வீணை வாசிப்பவரின் கையைப் பார்ப்பதுபோல, அந்தக் கை போகும் போக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். இலைக்கும் இரும்புக்கும் நடுவே கை. கைக்கும் இரும்புக்கும் நடுவே இலை. இலை இல்லாத இடத்தில் கை படாது. ஒரு கணம் தவறினால் தோல் பொசுங்கும்; பயந்து கையை எடுத்தால் இலை தீய்ந்துவிடும். அவருடைய உள்ளங்கையில் பழைய தழும்புகள் பல இருந்தன. கற்றுக்கொண்ட முதல் ஆண்டில் ஏற்பட்டவை என்று மட்டும் சொன்னார்.

முதல் வறுப்புக்குப் பச்சை வாணலி என்று பெயர். பறித்த இலை காற்றுப் பட்டுக் கறுப்பதற்குக் காரணமான நொதிகளை இந்தச் சூடு அழித்துவிடுகிறது. பச்சையைக் கொல்லுதல் என்று தொழில் மொழியில் சொல்கிறார்கள், உண்மையில் பச்சை நிறம் நிலைப்பதே இதனால்தான். ஏறத்தாழ கால் மணி நேரத்தில் இலை தட்டையாகத் தொடங்கியது. அறை முழுவதும் அவித்த மொச்சையின் வாசனை. அதை எடுத்து ஆறவைத்து, ஒரு மணி நேரம் ஓய்வு கொடுத்து, இரண்டாம் வறுப்பு. இதில் சூடு குறைவு, அழுத்தம் அதிகம், நேரமும் அதிகம். இங்கேதான் வாசனை மாறிற்று. மொச்சையின் ஈரமான மணம் மெல்ல மெல்ல விலகி, உலர்ந்த, கதகதப்பான, பருப்பு வறுபடும் மணம் எழுந்தது. இலையிலுள்ள அமினோ அமிலங்களும் சர்க்கரையும் வெப்பத்தில் சேர்ந்து புதிய வாசனைப் பொருள்களைப் பிறப்பிக்கின்றன என்று ரஸாயனம் கூறும். காப்பிக்கொட்டை வறுபடும்போதும் ரொட்டி வேகும்போதும் நடப்பது அதுவே. நான்கரை ஐந்து கிலோ கொழுந்து போட்டால் ஒரு கிலோ தேயிலை கிடைக்கும். முடிவில் சித்தப்பா ஒரு சிட்டிகையைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினார். வாளின் அலகுபோல் தட்டையாக, வழுவழுப்பாக இருந்தது. பளிச்சென்ற பச்சை அன்று, தவிட்டரிசியின் மஞ்சள் பாய்ந்த பச்சை. சிங்கச் சிகரத்துப் பழஞ்செடிக்கு அந்த நிறமே அடையாளம்.

ஆயி மூன்று கண்ணாடித் தம்ளர்களைக் கொண்டுவந்தார். பீங்கான் வேண்டாம், இலை ஆடுவதைக் கண் பார்க்க வேண்டும் என்றார். ஒவ்வொன்றிலும் மூன்று கிராம் அளவு இலை. கொதித்து இறக்கி, 80 டிகிரி அளவுக்கு ஆறவிட்ட நீரைத் தம்ளரில் நான்கில் ஒரு பங்கு மட்டும் ஊற்றி, தம்ளரைச் சாய்த்து உருட்டி, முகரும்படி என்னிடம் நீட்டினார். நனைந்த இலையின் முதல் மூச்சு அது. பிறகு கெண்டியை மூன்று முறை உயர்த்தித் தாழ்த்தி மீதி நீரை ஊற்றினார். பறவை அரசான பீனிக்ஸ் மூன்று முறை தலைவணங்குவதாக அதற்குப் பெயர். மிதந்த இலைகள் நீரைக் குடித்து ஒவ்வொன்றாகக் கீழே இறங்கி, அடியில் நட்டுவைத்த செடிபோல நிமிர்ந்து நின்று, மொட்டும் இலையுமாக மறுபடி விரிந்தன. வாணலியில் செத்ததாக நான் எண்ணிய கொழுந்து, காலையில் செடியில் இருந்த அதே உருவத்தோடு என் முன்னே நின்றது.

நீரின் நிறம் இளநீரைவிடச் சற்றே மஞ்சள். முதல் மிடறு நாவில் பட்டபோது, உண்மையைச் சொன்னால், ஒன்றுமே இல்லையோ என்று ஐயுற்றேன். அவ்வளவு மெல்லிய சுவை. விழுங்கிய பிறகுதான் அது பேசத் தொடங்கிற்று. நாவின் நடுவில் பருப்பின் நெய்ப்பசை போன்ற ஒரு மென்மை. மூக்கின் பின்வழியாக வறுத்த கொட்டையின் வாசனை. அதற்கும் அப்பால், காலையில் அவரைப் பந்தலின் கீழே நிற்கும்போது வருமே, அந்தப் பூவின் மணம். ஒரு நிமிஷம் கழித்து, நெல்லிக்காய் தின்றபின் தண்ணீர் குடித்தாற்போல, தொண்டையிலிருந்து இனிப்பு ஊறி வந்தது. திரும்பி வரும் இனிப்பு என்று அதைச் சீனர் சொல்கிறார்கள். மூன்றில் ஒரு பங்கு நீர் மிச்சமிருக்கும்போதே மறுபடியும் வெந்நீர் சேர்க்க வேண்டும். வேர் இல்லாமல் போகக் கூடாது என்பார் ஆயி. மூன்று முறை ஊற்றியதில் இரண்டாவது நீர்தான் உயர்ந்தது.

ஏரிக்கரையில் வாங்கிய டப்பாவைப் பற்றி அப்போது சொன்னேன். சித்தப்பா அதிலிருந்து நாலைந்து இலையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். வேறு ஊர் இலை, இயந்திரத்தில் வறுத்தது, தீ உயர்ந்துவிட்டது என்றார். 168 சதுர கிலோமீட்டர் எல்லைக்குள் விளைந்ததையே மேற்கு ஏரி லோங்ஜிங் என்று விற்கலாம் என்பது விதி. விதி இருந்தும் அந்தப் பெயரில் வேறு இலைகள் உலவாமல் இல்லை. ஆனால் அவர் சொன்னதில் என் மனத்தில் தைத்தது தீயைப் பற்றிய விஷயம். கஷ்கொட்டை மணம் வேண்டும் என்று இப்போது வாங்குகிறவர்கள் கேட்கிறார்கள், அதனால் சிலர் தீயை ஏற்றி வறுக்கிறார்கள். அப்படிச் செய்தால் மணம் தூக்கலாக இருக்கும், பூவின் வாசனை செத்துப்போகும், இலை எந்த மலையினது என்றே தெரியாமல் போகும் என்று அவர் விளக்கினார். கொட்டையின் வாசனை கீழே இருக்க வேண்டும், பூவின் வாசனை மேலே இருக்க வேண்டும் என்பது அவருடைய தந்தை கற்பித்த அளவு. கஷ்கொட்டையைத் தேடி நாடு கடந்து வந்த நான், அது அடங்கி ஒடுங்கி இருப்பதே அதன் உயர்வு என்று கேட்டு, முதலில் சிறிது திகைத்தேன். கையிலிருந்த தம்ளரில் இன்னொரு மிடறு பருகியபின் முழு மனத்தோடு அவர் பக்கம் சேர்ந்துவிட்டேன். சீனத் தேயிலைக் கலைகளை 2022ஆம் ஆண்டில் யுனெஸ்கோ மனித குலத்தின் கலாசாரச் செல்வமாக அங்கீகரித்திருக்கிறது. அந்தச் செல்வம் எங்கே இருக்கிறது என்று யாராவது என்னைக் கேட்டால், தழும்பேறிய அந்த உள்ளங்கையைத்தான் நான் காட்டுவேன்.

விடைபெறுமுன் ஐம்பது கிராம் விலைக்குக் கேட்டேன். சித்தப்பா முற்றத்து அறையில் இருந்த ஒரு பெரிய ஜாடியைத் திறந்தார். அடியில் துணிப் பையில் கட்டிய சுட்ட சுண்ணாம்பு. அதன் மேல் காகிதப் பொட்டலங்களாகத் தேயிலை. புதிதாக வறுத்த இலையில் தீயின் முரட்டுத்தனம் இருக்கும். சுண்ணாம்பு ஈரத்தை உறிஞ்ச, ஒரு வாரம் பத்து நாளில் அந்த முரட்டுத்தனம் தணியும். எனக்குக் கொடுத்தது அன்று எங்கள் முன்னிலையில் வறுத்த இலை. ஊருக்குப் போய்ப் பதினைந்து நாள் இதைத் தொடாதீர்கள் என்று, என் துணைவர் வாயிலாக இரண்டு முறை சொல்லி அனுப்பினார்.

கிராமத்திலிருந்து ஒன்பது ஓடைகள் என்ற பள்ளத்தாக்கின் வழியாக நடந்து இறங்கினோம். பாதையை ஓடை குறுக்கே வெட்டிக்கொண்டே வருகிறது. இருபுறமும் தேயிலை வரிசைகள் வீட்டுக் கொல்லை வரையில் இறங்கி நிற்கின்றன. மறுநாள் ஹூபாவ் ஊற்றுக்குப் போனோம். கனவில் இரண்டு புலிகள் நிலத்தைக் கீறிக் காட்டிய இடத்தில் ஒரு துறவிக்குக் கிடைத்த நீர் என்பது ஐதீகம். லோங்ஜிங் இலையும் ஹூபாவ் நீரும் சேர்ந்ததை மேற்கு ஏரியின் இரட்டை அற்புதம் என்று போற்றுகிறார்கள். கிண்ணத்தில் நிரப்பினால் இந்த நீர் விளிம்புக்கு மேல் எழும்பி நின்றும் வழிவதில்லை. மெதுவாக வைத்தால் நாணயம் மிதக்கிறது. ஊர்ஜனங்கள் பிளாஸ்டிக் கேன்களோடு வரிசையில் நின்று நீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நவீன சங்கீதத்திலும் சித்திரத்திலும் புகழ்பெற்றிருந்த லீ ஷூடோங் 1918ஆம் ஆண்டில் எல்லாவற்றையும் விட்டுத் துறவு பூண்டது இந்த இடத்து மடத்தில்தான். அங்கிருந்த தேநீர்ச் சாலையில் அந்த நீரில் ஊறிய லோங்ஜிங்கை அருந்தினேன். நீர் உயர்ந்தது, இலை சுமார். சித்தப்பாவின் பொட்டலம் பையில் இருந்தும், கொடுத்த வாக்கை எண்ணி நான் அதைப் பிரிக்கவில்லை.

ஊர் திரும்பிச் சித்திரை பத்தாம் தேதி வாக்கில் பண்ருட்டிக்குப் பக்கத்தில் உள்ள என் பிறந்த கிராமத்துக்குப் போயிருந்தேன். பலாவின் பருவம் தொடங்கியிருந்தது. கெடு முடிந்துவிட்டபடியால் பொட்டலத்தையும் கொண்டுபோயிருந்தேன். அக்காவின் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, கிணற்று நீரைக் காய்ச்சி, பொறுமையாக ஆறவிட்டு, கண்ணாடித் தம்ளரில் இலையைப் போட்டு ஊற்றினேன். பதினைந்து நாளில் தீயின் கூர்மை முழுவதும் கரைந்துபோயிருந்தது. அக்காவிடம் நான் கஷ்கொட்டையைப் பற்றியோ ஹாங்சௌவைப் பற்றியோ ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அவள் தம்ளரை வாங்கி, இலை நிற்பதைச் சற்று நேரம் பார்த்து, ஒரு வாய் குடித்து, கண்ணை மூடிக்கொண்டாள்.

"தம்பி, அம்மா அடுப்பு அணைஞ்சதும் தணல்ல பலாக்கொட்டையைப் புதைச்சு வெச்சுக் குடுப்பாங்களே, அந்த வாசனைடா இது" என்றாள்.

ஷாங்காய்த் துணைவருக்கு அன்று மாலையே இதை எழுதினேன். அக்கா பின்கட்டுக்குப் போய், காலையில் கழுவிக் காயவைத்திருந்த பலாக்கொட்டைகளில் ஒரு கைப்பிடி எடுத்து அடுப்பிலிட்டாள். நான் தம்ளரில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம் வைத்து, இரண்டாவது நீரை ஊற்றிக்கொண்டு காத்திருந்தேன்.